பழைய பேருந்துக்கு மாற்று இன்ஜின்: ஆறு சிலிண்டர் ஹினோவோடு எட்டு மாதங்கள்

எங்களுடையது 1992-இல் பதிவான அசோக் லேலண்ட் வைக்கிங். ஒரு கல்லூரிக்கு ஓடி ஓய்ந்த வண்டியை நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, மேசைகளும் அலமாரிகளும் பொருத்தி நடமாடும் அறிவியல் கூடமாக மாற்றினோம். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறோம். சென்ற ஆண்டு அதன் இன்ஜினை மாற்ற நேர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பட்டறையில் புதுப்பித்த, 5.76 லிட்டர் ஆறு சிலிண்டர் எச் சீரிஸ் ('ஹினோ') இன்ஜினைப் பொருத்தி எட்டு மாதங்களாக ஓட்டுகிறோம். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், தேர்ந்தெடுத்த விதத்தையும் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்த குறை நிறைகளையும் எழுதுகிறேன்.

பழைய இன்ஜின் கெட்டதற்கு நாங்களே காரணம். வண்டியை நிறுத்தும் இடத்தில் கிடைத்த உப்புப் போர் தண்ணீரையே நான்கு ஆண்டுகளாக ரேடியேட்டரில் ஊற்றி வந்தோம். குழாய்களில் சுண்ணாம்பு படிந்து, ஏலகிரி ஏற்றத்தில் சூடு தலைக்கேறி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான ஹெட் கேஸ்கட் எரிந்தது. ஆயில் அளவுக் கம்பியை உருவியபோது அதில் பால் கலந்த காபியின் நிறம் இருந்தது; ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டதன் அடையாளம் அது. பிரித்துப் பார்த்ததில் ஹெட்டிலும் பிளாக்கிலும் விரிசல் விட்டிருந்ததால், ரிங்கும் பேரிங்கும் மாற்றிச் சரிக்கட்டும் வழி அடைபட்டது.

அந்த இன்ஜின் பழைய லேலண்ட் 400. அந்த எண் கன அங்குலத்தில் சொல்லப்பட்ட கொள்ளளவு. லிட்டரில் ஏறத்தாழ ஆறரை. அதே 400-ஐத் தேடி, பழைய வாகன உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று நாட்கள் அலைந்தோம். கிடைத்தவை இரண்டு. ஒன்றில் கிராங்க் ஏற்கெனவே பலமுறை கடையப்பட்டு, மேற்கொண்டு கடைய இடமில்லாமல் இருந்தது. இன்னொன்று பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து நின்றது. ஆனால் எண் பொறித்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவியிருந்தார்கள். விலையைக் கேட்காமலே திரும்பினோம்.

அடுத்து ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 6பிடி. 5.9 லிட்டர், தனி லைனர் (சிலிண்டரின் உள் உறை) இல்லாமல் பிளாக்கிலேயே துளையிட்ட அமைப்பு, கம்ப்யூட்டர் எதுவும் தேவைப்படாத மெக்கானிக்கல் பம்ப். இழுவையில் குறை சொல்ல முடியாது. மின்வெட்டுக் காலத்தில் சென்னையின் தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் வைத்த ஜெனரேட்டர்கள் இப்போது விற்பனைக்கு வருவதால், குறைந்த மணி நேரமே ஓடிய 6பிடி கிடைக்கிறது என்று பலர் ஆசை காட்டினார்கள். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இவ்வகை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலையாக ஓட வேண்டும். சுற்றைக் கட்டுப்படுத்தும் பம்பின் கவர்னரையும் அதற்கேற்பவே கட்டியிருப்பார்கள். எங்கள் வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 6.17, அதாவது டாப் கியரில் இன்ஜின் 6.17 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்; டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருள்கிறது. டாப் கியரில் 1500 சுற்றுக்கு மணிக்கு 47 கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் வரும். 2400 சுற்றுக்கு 75-ஐ எட்டும். ஆகவே பம்பையும் கவர்னரையும் மாற்றியாக வேண்டும். அத்துடன் ஃப்ளைவீல் ஹவுசிங் எங்கள் கியர்பாக்ஸோடு பொருந்தாததால் இடையே தகடு கடைந்து போட வேண்டும், மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் திருத்த வேண்டும். மலிவாக வாங்கிய இன்ஜின் லேத் பட்டறையில் விலை ஏறிவிடும்.

பி.எஸ். 4 புகை விதிக் காலத்துக் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும்) இன்ஜின் ஒன்றும் பேச்சில் வந்தது. சென்சாரும் வயரிங்கும் மொத்தமாகப் பெயர்த்து வர வேண்டிய அதை, முப்பது வருடத்து வண்டியில் வைக்க எனக்குத் துணிவில்லை.

எச் சீரிஸை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் 'ஹினோ' என்றே சொல்வார்கள். 1980-களில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்துடன் அசோக் லேலண்ட் செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் இது: 104 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 113 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). எங்களை இதன் பக்கம் சாய்த்தது குதிரைத்திறன் எண்ணிக்கை கிடையாது. தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளில் பெரும்பாலானவை லேலண்ட் வண்டிகளாதலால், வாணியம்பாடியிலோ திண்டிவனத்திலோ இரவு எட்டு மணிக்கு நின்றுபோனாலும் இதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பார், சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் லைனர் செட்டும் கேஸ்கட்டும் அன்றைக்கே கிடைக்கும். பெரிய இன்ஜின் வேண்டும் என்று குழுவில் ஒருவர் வெகுநாள் வாதாடினார். ஐம்பது பயணிகளின் எடையே மூன்று டன்னுக்கு மேல். எங்கள் மேசை, பேட்டரி, கருவிகள் எல்லாம் சேர்ந்து இரண்டு டன்தான். முன்னைவிட இளைத்த வண்டிக்கு எதற்குக் கூடுதல் பலம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே அமைதியானார்.

இன்ஜினைப் பார்க்கப் போன அன்று பட்டறையின் மூத்த மிஸ்திரி செய்த சோதனை என் மனத்தில் நிற்கிறது. இன்ஜினை ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஒரு டிரம் தண்ணீரோடு இணைத்து, இருபது நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடாக்கினார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்தார். "மூடி துள்ளினா வேணாம் சார், பேக் கம்ப்ரஷன்" என்றார். லேசாக நடுங்கியதே தவிர, மூடி எகிறவில்லை. சிலிண்டரில் எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிந்தால் அது துள்ளி விழுந்துவிடும். அதற்குப் பிறகும், ஐடிலில் சூடான நிலையின் ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த இன்ஜினில் காட்டும் அழுத்தத்தை நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். இவ்வளவு பார்த்தும், ஹெட்டைக் கழற்றி விரிசல் சோதனை செய்யச் சொன்னோம். புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், நாசில்களோடு, மைக்கோ டீசல் பம்பையும் சோதனை பெஞ்சில் ஏற்றிச் சரிபார்த்துப் பொருத்தினார்கள். ஏர் பிரேக்குக்கான கம்ப்ரஸரும் 24 வோல்ட் ஆல்டர்னேட்டரும் இன்ஜினோடு சேர்ந்தே வருகின்றனவா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. 'ஹாஃப் இன்ஜின்' என்று விலை சொன்னால் அதில் இவை எதுவும் இருக்காது.

காகித வேலையை முன்கூட்டியே தொடங்கியது நல்லதாயிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது; ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுப் பரிசோதனையில்) நின்றுவிடும். இன்ஜின் எண் குறித்த ரசீதையும், அது கழற்றப்பட்ட பழைய வண்டியின் பதிவு ரத்தான சான்றின் நகலையும் விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுத்தோம். அதே நிறுவனத்தின் இன்ஜினாக இருந்ததால் அதிகாரிகளிடம் விளக்கிச் சொல்வதும் எளிதாக இருந்தது.

மொத்தச் செலவு இரண்டு லட்சத்து முப்பதாயிரம். புது ரேடியேட்டர் கோர் இதில் அடக்கம். முன்பு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரைத் தொடாத வண்டி இப்போது நான்கே முக்கால் தருகிறது. டர்போ (வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் விசிறி) உள்ள இன்ஜினும் புது ரேடியேட்டர் கோரும் சேர்ந்ததால், கவிஞர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்த ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சூட்டுமானி நடுக்கோட்டைத் தாண்டாமலே ஏறினோம். கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீரைத் தவிர வேறெதையும் இப்போது ஊற்றுவதில்லை.

குறைகளும் உண்டு. டர்போ வெளிவிடும் சூடு இன்ஜின் மூடி வழியே ஓட்டுநரின் இடக்காலைச் சுடுகிறது. மே மாதத்தில் பூந்தமல்லி நெரிசலில் நின்றபோது அவர் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டார். மூடியின் உட்புறம் கண்ணாடி இழைத் தகடு ஒட்டியபின் ஓரளவு குறைந்தது. சுற்று குறைவாக இருக்கும்போது டர்போ எழும்பச் சற்று நேரமாவதால், பழைய 400-இன் தாழ்சுற்று இழுவைக்குப் பழகிய ஓட்டுநர் முதல் மாதம் முழுவதும் கியர் மாற்றத் தடுமாறினார். பட்டறையின் பங்கில் ஒரு குறை: பின்பக்க ஆயில் சீலைச் சரியாகப் பொருத்தவில்லை. ஓரிரவு நிறுத்தினால் கீழே வைத்த அட்டையில் ஐந்தாறு சொட்டு விழுகிறது. எஃப்.சி.க்கு முன் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கும் கூலி யார் தலையில் என்பதைத்தான் இன்னும் பேசி முடிக்கவில்லை.