இரவல் சீட்டுகளோடு ஒரு டாரட் கட்டு: நீண்ட நாள் புழக்கத்தில் எப்படி?

குறி பார்க்க விரிக்கும் டாரட் படச்சீட்டுக் கட்டு ஒன்றில் 78 சீட்டும் பிடித்துப்போவது அபூர்வம். ஒன்றில் எம்பரஸ் (பேரரசி) சீட்டு அற்புதமாக இருக்கும், டவர் (கோபுரம்) சொதப்பியிருக்கும். இன்னொன்றில் கப்ஸ் (கோப்பை) வரிசை பேசும், ராஜா, ராணி போன்ற கோர்ட் சீட்டுகளுக்கெல்லாம் ஒரே முகம். பிடித்ததை அங்கங்கே உருவிச் சேர்க்க ஒரு சாயங்காலம் போதும். தினமும் கலைத்து, வெட்டி, விரித்துப் பல மாதம் போன பிறகும் அது ஒரே கட்டாக நடந்துகொள்கிறதா என்பதுதான் விஷயம். எடுப்பதற்கு முன்பே எந்தச் சீட்டு என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், படம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

தாக்குப்பிடிப்பது ஒரு தாய்க்கட்டும் (அடிப்படையான கட்டு), வேறு கட்டுகளிலிருந்து எடுத்த 8 முதல் 12 வரை இரவல் சீட்டுகளும் உள்ள கலவை. ஏழெட்டுக் கட்டிலிருந்து பத்துப் பத்தாகப் பொறுக்கியது பார்க்கக் கண்காட்சி மாதிரி இருக்கும். ஆனால் விரித்தால் சீட்டுகள் ஒன்றோடொன்று பேசாது.

பொறுக்கும்போது முதலில் இடிப்பது எண். 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் என்ற கட்டில் ஸ்ட்ரெங்த் (வலிமை) சீட்டின் எண் 8, ஜஸ்டிஸ் (நீதி) 11. மார்செய் என்ற பழைய பிரெஞ்சு மரபுக் கட்டுகளில் அப்படியே தலைகீழ். மார்செய் ஜஸ்டிஸை மட்டும் ரைடர்-வெயிட்டுக்குள் கொண்டுவந்தால் கட்டில் இரண்டு 8 இருக்கும், 11 இருக்காது. எண்ணை வைத்துப் படிப்பவர் இந்த இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

கோர்ட் சீட்டுகளில் சிக்கல் இன்னும் கெட்டி. தோத் என்ற இன்னொரு கட்டில் கிங் என்ற சீட்டே கிடையாது. நைட், குவீன், பிரின்ஸ், பிரின்சஸ்தான். குதிரைமேல் வரும் அந்த நைட்டைக் கிங்கின் இடத்திலும், தேரில் வரும் பிரின்ஸை நைட்டின் இடத்திலும் வைப்பதே பரவலான வழக்கம். பெயரைப் பார்த்து ‘நைட் ஆஃப் கப்ஸ்’ ஒன்றை மட்டும் மாற்றினால், கட்டில் இரண்டு கிங் வேலை பார்க்கும், நைட் காணாமல் போவார். தோத்திலிருந்து எடுப்பதென்றால் ஒரு வரிசையின் நாலு கோர்ட்டையும் சேர்த்து எடுங்கள்.

பார்வைத் திசையை அநேகம் பேர் கவனிப்பதில்லை. ரைடர்-வெயிட்டில் வாண்ட்ஸ் (கோல்), ஸ்வோர்ட்ஸ் (வாள்) வரிசை நைட்டுகள் இடப்பக்கம் பார்த்துப் போகிறார்கள்; கப்ஸ், பெண்டகிள்ஸ் (காசு) நைட்டுகள் வலப்பக்கம். யார் யாரைப் பார்க்கிறார், யார் முதுகு காட்டுகிறார் என்று வைத்துப் படிப்பவருக்கு, எதிர்த்திசை பார்க்கும் ஒரு இரவல் நைட் வந்தாலே விரிப்பின் பொருள் மாறிவிடும். அதேபோல் மார்செய்யின் எண் சீட்டுகளில் காட்சி கிடையாது, வாளும் கோப்பையும் அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். அவற்றில் ஒன்றிரண்டைக் காட்சிச் சீட்டுகளுக்கு நடுவே போட்டால் ஊமையாக நிற்கும். மாற்றினால் ஒரு வரிசையின் பத்தையும் மாற்றலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இனி அட்டை. பரவலான டாரட் அளவு 70 × 120 மி.மீ. லோ ஸ்காரபியோ என்ற இத்தாலியப் பதிப்பகத்தின் வழக்கமான அளவு 66 × 120. இரண்டையும் அப்படியே கலந்தால் 4 மி.மீ. அகலம் அதிகமுள்ள சீட்டுதான், கட்டை வெட்டிப் பிரிக்கும்போது கையில் மாட்டும். சிறியதற்குச் சமமாகப் பெரியதை நறுக்குவது ஒரு வழி: இருபக்கமும் 2 மி.மீ., இரும்பு ஸ்கேல், புது பிளேடு, மூன்று லேசான இழுப்பு. ஒரே அழுத்தில் வெட்டினால் அடிப்பக்க ஓரம் பிசிறி உதடு மாதிரி நிற்கும், கலைக்கும்போது அது அடுத்த சீட்டைக் கொக்கிபோல் இழுக்கும். கட்டாக அடுக்கி கில்லட்டினில் கொடுக்க வேண்டாம்; கீழே உள்ளவை நழுவிச் சாய்வாக வெட்டுப்படும். மூலைக்குக் கார்னர் கட்டர், அதுவும் தாய்க்கட்டின் வளைவுக்குப் பொருந்துவது. தங்க ஓரமுள்ள கட்டில் கை வைக்காதீர்கள், நறுக்கிய பக்கம் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

அளவு சரியானாலும் தடிமன் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் பத்துப் பத்துச் சீட்டை அடுக்கி வெர்னியரில் அளந்து பாருங்கள். ஒன்று 3 மி.மீ., மற்றது 3.6 என்றால், விறைப்பான அந்தச் சீட்டுகள் வரும் இடத்தில்தான் கட்டு பிளந்துகொடுக்கும். இன்னொன்று, வருஷக்கணக்கில் புழங்கிய தாய்க்கட்டின் ஓரம் உப்பி மெத்தென்று இருக்கும். புதுச் சீட்டு வழுக்கும். இரவல் வாங்கப்போகும் கட்டைத் தனியாகச் சில வாரம் கலைத்துப் பழக்கிவிட்டு எடுப்பது நல்லது.

பின்பக்கம்தான் பெரிய தலைவலி; கட்டுக்குக் கட்டு டிசைன் வேறு. பின்புறத்தில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை முதல் மாதம் அழகு. வெயிலில் பசை ஓரத்தில் கசிந்து சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும், வினைல் சுருங்கிச் சீட்டு பின்னால் வளையும். உரித்தால் அட்டையின் தோலும் சேர்ந்து வரும். ஒவ்வொரு சீட்டுக்கும் போடும் பிளாஸ்டிக் உறை, அதாவது ஸ்லீவ்தான் நிம்மதி. ஒளிபுகா முதுகுள்ள ஸ்லீவ் இந்த அளவில் கிடைக்காவிட்டால், தெளிவான ஸ்லீவுக்குள் சீட்டின் பின்னால் 120 ஜிஎஸ்எம் கறுப்புத் தாளை வெட்டிச் செருகலாம். வெள்ளை 80 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்க டிசைன் நிழலாகத் தெரியும்.

விலை இதுதான்: கட்டு பருத்துவிடும். அட்டை 0.35, ஸ்லீவின் இரு பக்கமும் சேர்ந்து 0.2, தாள் 0.15 என்று வைத்தால் ஒரு சீட்டுக்கு 0.7 மி.மீ., 78க்கு ஏறக்குறைய 55 மி.மீ. ஒரு கைக்குள் அடங்காது. 39 ஆகப் பிரித்துக் கலைத்துவிட்டு, பாதிக்குப் பாதி மாற்றிச் சேர்க்க வேண்டியதுதான். தலைகீழாக வரும் சீட்டுக்கு வேறு பொருள் வைத்துப் படிப்பவருக்கு இன்னொரு பொறி: எல்லாச் சீட்டின் தலைப்பக்கமும் ஸ்லீவின் வாய் இருந்தால், எது கவிழ்ந்திருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரியும். பாதிச் சீட்டுகளைத் தலைப்பக்கம் வாய் வரும்படியும் மீதியைக் காலடியில் வரும்படியும் செருகுங்கள்.

கட்டு தயாரானதும் சோதித்துப் பார்க்க எளிய கணக்கு உண்டு. 10 இரவல் சீட்டு இருந்தால், நன்றாகக் கலைத்து 50 முறை வெட்டியதில் சராசரியாக ஆறேழு முறை இரவல் வரும். நாலும் வரலாம், ஒன்பதும் வரலாம். பன்னிரண்டைத் தாண்டினால் அளவிலோ தடிமனிலோ ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் வருடிப் பாருங்கள், பிடிபடும்.

பல மாதம் கழித்து முதலில் விட்டுப்போவது ஸ்லீவின் பக்க ஒட்டுதான். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது பளபளத்துத் தனியாகத் தெரியும். முழுக்கட்டுக்கும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சரி. 50 எண்ணிக்கை கொண்ட பாக்கெட் இரண்டு வாங்கினால் 22 மிஞ்சும். எம்பரஸ், ஜஸ்டிஸ் போன்ற மேஜர் அர்கானா சீட்டுகளும் 22தான் (மீதி 56 மைனர்), ஆனால் மிஞ்சியதை அதற்கென்று தனியாகப் போட்டுவிடாதீர்கள். மேஜர் எது மைனர் எது என்று பளிச்சென்று காட்டிவிடும்.

பல கட்டுகளில் 78 போக விளம்பரமாகவோ வெற்றாகவோ ஓரிரு சீட்டு கூடுதலாக வரும். பிளேடு, ஸ்லீவ், கார்னர் கட்டர் எல்லாவற்றையும் முதலில் அவற்றில் பரீட்சித்துக்கொள்ளலாம். நறுக்காமல் ஸ்லீவ் மட்டும் போட்டிருந்தால், தாய்க்கட்டிலிருந்து எடுத்த சீட்டை இரவல் கொடுத்த கட்டின் பெட்டியிலேயே, அதே இடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு மனசு மாறினால் எது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது.