பொறிவண்டு என்று விற்றார்கள், வந்தது கத்தரி வண்டு: வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ், சா ஆ, பெக்கோக் பக்கம் இருப்பவர்களும், எந்த ஊராக இருந்தாலும் வீட்டுக்குள் செடி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். செடியில் விழுந்த மாவுப்பூச்சியைத் தின்னும் என்று நம்பி இணையத்தில் பொறிவண்டு வாங்கினேன். வந்தது வேறு வண்டு. கூரியர் கூலியோடு சேர்த்து 118 வெள்ளி போய்விட்டது. அதைவிட மனசை அறுப்பது, நான் என் கையால் திறந்துவிட்ட அந்த வண்டு பக்கத்து வீட்டு அக்காவின் கத்தரிச் செடிகளை அரித்துத் தீர்த்துவிட்டது. அக்கா காலைச் சந்தையில் அந்தக் கத்தரிக்காயை விற்றுத்தான் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. ஹாலில் பதினைந்து தொட்டி வைத்திருக்கிறேன். ஹோயா, அக்லோனிமா, மணி பிளாண்ட், இரண்டு ஆர்க்கிட். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ஹோயாவோடு மாவுப்பூச்சியும் வீட்டுக்கு வந்தது. முதலில் இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் இரண்டு பொட்டுதான் தெரிந்தது. துடைத்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன். ஒரே மாதத்தில் நான்கு தொட்டிக்குப் பரவிவிட்டது. இலையெல்லாம் பிசுபிசுப்பு. தொட்டிக்குக் கீழே தரையில் கால் வைத்தால் ஒட்டும். எறும்பு வரிசை கட்டி ஏறியது.

கடையில் விற்கும் மருந்தை அடித்திருக்கலாம். ஆனால் எங்கள் அம்மா தோட்டத்தில் பல வருடம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர். பாராகுவாட் பட்டு அவர் விரல் நகம் கறுத்து உரிந்து விழுந்ததைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தை 2020 ஜனவரியில்தான் இந்த நாட்டில் தடை செய்தார்கள். அம்மாவின் உடம்பு அதற்குள் கெட்டுவிட்டது, மூச்சிரைப்பு இன்னும் இருக்கிறது. "வீட்டுக்குள்ள மருந்து வாசம் வேண்டாம்மா" என்று அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

பூச்சியை வைத்து வேலை வாங்குவது தோட்டத்து மக்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. 1981-க்கு முன்னால் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது மனிதர் வேலை. ஆண் பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து பெண் பூவுக்குள் ஊதுவார்கள். அம்மா கல்யாணமான புதிதில் அந்த வேலைக்குப் போயிருக்கிறார். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து எலாய்டோபியஸ் என்ற சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மற்ற பயிர்களுக்கு அது கேடு செய்யுமா என்று சோதித்துப் பார்த்த பிறகே விட்டார்கள். அதன்பின் ஊதுகிற வேலையே இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கும் தோட்டத்துச் சாலை ஓரத்தில் டர்னேரா பூச்செடியை வரிசையாக நட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தேனைக் குடிக்க வரும் குளவிகளும் மற்ற நல்ல பூச்சிகளும் ஓலையை அரிக்கும் உலாட் புங்குஸ் என்ற கூட்டுப்புழுவைக் கட்டுப்படுத்தும். எலிக்கு ஆந்தைக் கூண்டு வைப்பார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால், மருந்தில்லாமல் பூச்சியால் பூச்சியை ஒழிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் சந்தேகப்படவில்லை.

முகநூலில் வந்த விளம்பரம் அது. பளபளவென்று சிவப்பு நிறம், கறுப்புப் புள்ளி, அழகான வண்டுப் படம். "மாவுப்பூச்சிக்கு ஒரே வாரத்தில் தீர்வு. ஹாலந்து இறக்குமதி." ஐம்பது வண்டும், கிரைசோபெர்லா என்ற பூச்சியின் புழு இருபதும் சேர்த்து ஒரு செட். விற்றவர் நம் ஆள்தான், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசினார். என்ன செடி, என்ன பூச்சி, இதற்கு முன் என்ன மருந்து ஊற்றினீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மண்ணில் ஊற்றும் இமிடாக்ளோப்ரிட் மாதிரியான மருந்து செடிக்குள் ஏறி வாரக்கணக்கில் இருக்கும், அந்தச் செடியில் விடுகிற நல்ல பூச்சியும் சாகும். உயிருள்ள பூச்சியை விற்கிற விவரமான ஆள் முதலில் கேட்பது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை அனுப்பினார், செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நான்கு நாள் ஏதோ ஒரு கிடங்கு வெயிலில் கிடந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈர டிஷ்யூவோடு வண்டு. இன்னொரு சின்ன டப்பாவில் புழுக்கள், உள்ளே வேறு எதுவுமே இல்லை. மூடியைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். இரண்டு புழு கொழுத்து நெளிந்தது. மற்றதெல்லாம் உறிஞ்சிப் போட்ட வெறும் தோல். கிரைசோபெர்லா புழுவுக்குப் பசித்தால் கூடப்பிறந்ததையே தின்னும். அதனால்தான் முறையாக அனுப்புகிறவர்கள் உமி மாதிரி எதையாவது நிரப்பி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் அறை அறையாகப் பிரித்த அட்டையில் ஒவ்வொன்றாக வைத்து அனுப்புவார்கள். இவர் இருபதையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

வண்டுகள் மட்டும் நாற்பதுக்கு மேல் உயிரோடு, நல்ல சுறுசுறுப்பாக இருந்தன. அவர் சொன்னபடி பொழுது சாய்ந்ததும் இலையில் தண்ணீர் தெளித்து, விளக்கை அணைத்து, ஹோயா அடியில் விட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் சன்னல் கண்ணாடியில் மொய்த்துக்கொண்டிருக்கின்றன. ஹோயாவில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குள் நான்கைந்துதான் மிச்சம். விற்றவருக்கு எழுதினேன். "இன்னும் பழகலக்கா, ரெண்டு வாரம் பொறுங்க" என்று பதில் வந்தது. சரி என்று பொறுத்தேன். அந்தப் பொறுமைதான் அக்காவின் செடிகளைக் கெடுத்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். கையில் ஒரு கத்தரி இலை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பச்சையெல்லாம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் வலைபோல நின்றது, பழைய பெயிண்ட் வாளியில் நட்டிருக்கும் முப்பது செடியிலும் அதே கதை. இலையைத் திருப்பினால் மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு சின்னச் சின்னப் புழு. மேலே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது என் டப்பாவில் வந்த அதே வண்டு.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் செய்துவிட்டார். "இது பொறிவண்டு இல்லம்மா, கத்தரிக்காயைத் தின்னுற வண்டு. புள்ளியை எண்ணிப் பாரு." ஒன்றைக் கண்ணாடி கிளாஸில் கவிழ்த்துவைத்து எண்ணினேன். ஒரு பக்க இறக்கை மூடியில் பதினான்கு, இரண்டு பக்கமும் சேர்த்து 28. அதன் பெயரிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது: ஹெனோசெபிலாக்னா விஜிண்டியோக்டோபங்டாட்டா. நம்மூரில் எபிலாக்னா என்று சொன்னால் விவசாய ஆட்களுக்குப் புரியும். பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இது இலை தின்னும் இனம். கத்தரி, தக்காளி, சுண்டைக்காய், மணத்தக்காளி என்று ஒன்றையும் விடாது. மாவுப்பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதிவிடுகிறேன், கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். வண்டை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளில் பெரும்பாலானவை மெழுகு தடவியதுபோல் மின்னும். நம் வீட்டு மிளகாய்ச் செடியிலும் பயற்றங்கொடியிலும் அசுவினி விழுந்தால் தானாக வந்து தின்கிற ஒரு பொறிவண்டு உண்டு, ஆரஞ்சு முதுகில் கறுப்பாக வளைந்து வளைந்து கோடு ஓடும். அதைப் பார்த்தால் இந்த மினுமினுப்பு புரியும். கத்தரி வண்டு அப்படி மின்னாது. மங்கலான செங்காவி நிறம், உற்றுப் பார்த்தால் முதுகு முழுக்க மெல்லிய பூனைமுடி.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மாவுப்பூச்சிக்கென்றே உலகம் முழுவதும் விற்கிற வண்டின் பெயர் கிரிப்டோலேமஸ் மோன்ட்ரூசியரி. ஆஸ்திரேலியாவில் பிறந்த வண்டு, 1890களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அது சிவப்பும் இல்லை, அதற்குப் புள்ளியும் கிடையாது. கறுப்பு உடம்பு, தலைப்பக்கமும் வால்பக்கமும் ஆரஞ்சு, மொத்தமே மூன்று நான்கு மில்லிமீட்டர். ஆக, அந்த விளம்பரப் படமே தப்பு. அதன் புழுவோ மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு இழையோடு இருக்கும், அளவில் மட்டும் பெரியது, வேகமாக ஓடும். தெரியாதவர்கள் பூச்சி பெருத்துவிட்டது என்று நசுக்கிவிடுவார்கள். நம் வீடுகளில் சன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும், பறக்கிற வண்டு தங்காது. வீட்டுக்குள் விட வேண்டுமானால் புழுவாக வாங்குவதே மேல். எறும்பையும் முதலில் நிறுத்தியாக வேண்டும். மாவுப்பூச்சி விடுகிற இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், நல்ல பூச்சியை விரட்டிவிடும். விற்றவர் இதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை.

அவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். இதன் அறிவியல் பெயர் என்ன? யார் வளர்த்தது? ஹாலந்திலிருந்து வந்தது என்றால் இறக்குமதிப் பெர்மிட் எங்கே? வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சியைக் கொண்டுவர விவசாய இலாகாவின் அனுமதி வேண்டும், 1976-ஆம் வருடத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. முதல் கேள்விக்கு "லேடிபக்தான்கா" என்றார். இரண்டாவதற்குப் பதில் இல்லை. மூன்றாவதைக் கேட்டதும் முகநூலில் என்னை பிளாக் செய்துவிட்டார். கத்தரி வண்டு இந்த நாட்டில் எந்தக் கத்தரிப் பாத்தியிலும் கிடைப்பது. அதை ஹாலந்து என்று சொல்லி விற்றதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் இந்த மூன்றையும் காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். எந்தப் பூச்சிக்கு எந்தப் பூச்சி என்று சரியாகச் சொல்கிறாரா பாருங்கள். செஞ்சிலந்திப்பேனுக்கு பைட்டோசீலஸ் என்ற இரைகொல்லிப் பேன், தொட்டி மண்ணில் பறக்கும் கறுப்புக் கொசு மாதிரியானதின் புழுவுக்கு ஸ்டெயினர்நீமா என்ற நூற்புழு. எல்லாவற்றுக்கும் ஒரே வண்டு என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வார ஆரம்பத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கும்போது கைபேசியில் படம் எடுங்கள், நான் எடுக்காதது பெரிய தவறு. எந்த வண்டாக இருந்தாலும் முதலில் ஒரு மூடிய பாட்டிலில் இரண்டைப் போட்டு, மாவுப்பூச்சி உள்ள ஒரு இலையையும் ஒரு கத்தரி இலையையும் வைத்து, ஒருநாள் பாருங்கள். எதைத் தின்கிறது என்று தெரிந்தபின் வெளியே விடுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரையான இழப்புக்கு வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் தேவை. இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் நிறுவனப் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்று விதி இருந்தும் அவர் பக்கத்தில் இரண்டும் இல்லை, நான் பணம் போட்ட கணக்கும் வேறொருவர் பெயரில் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுத்திருக்கிறேன். கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்ப்பதைப் பணம் போடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அக்காவும் நானும் சோப்புத் தண்ணீர் டப்பாவோடு நிற்கிறோம். வண்டைக் கையால் பொறுக்கி அதில் போடுகிறோம், மஞ்சள் முட்டைக் குவியல் இருக்கும் இலையைக் கிள்ளி எடுக்கிறோம். ஐந்து செடி பிழைக்காது. புதிய கன்று வாங்கிக் கொடுத்தேன், அக்கா வாங்க மறுத்தார், அம்மா கொண்டுபோய்க் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். ஹோயாவைத் தனியாகப் பின்கட்டில் வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் துடைக்கிறேன். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல்லின்மேல் தூக்கி வைத்ததால் எறும்பு ஏற முடியவில்லை. மூன்று வாரமாகப் புதிய பஞ்சு தெரியவில்லை.

சிவப்பு வண்டுப் படம் போட்ட இந்த செட்டை நீங்களும் வாங்கியிருந்தால், இன்றைக்கே உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கத்தரி, சுண்டைக்காய் இலையைத் திருப்பிப் பாருங்கள்.