என்ஜினியர் வேலை என்று சொல்லி எலக்ட்ரீஷியன் விசாவில் அனுப்பினார்கள்

இ.இ.இ. முடித்துவிட்டு சவூதி கிளம்பப் பார்க்கும் தம்பிகள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2023-இல் அம்பத்தூரில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் எனக்கு 26,000 ரூபாய் சம்பளம். அதே வேலைக்குக் கோவையில் 22,000 சொன்னார்கள். பெங்களூரில் 35,000, வாடகையும் அட்வான்ஸும் போனால் கையில் நிற்பது அம்பத்தூர் கணக்குதான். இப்படி அலுத்துக் கிடந்தபோது திருச்சியில் ஒரு ஏஜென்ட், “ஜுபைல்ல எலக்ட்ரிக்கல் என்ஜினியர் தம்பி, 4,500 ரியால், ரூம் ஃப்ரீ” என்றார். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 1 லட்சம் ரூபாய்.

அவர் கேட்டது 1,20,000. அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். ரசீது மட்டும் 35,400-க்கு. அது என்ன கணக்கு என்று பிறகுதான் புரிந்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கூட்டிப் பாருங்கள். மனுஷருக்குச் சட்டம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

என்ஜினியர் என்று இகாமா, அதாவது அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை, எடுக்க சவூதி என்ஜினியர்கள் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு டிகிரியைச் சரிபார்ப்பார்கள். என் டிகிரியை இவர் ஜெராக்ஸ்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு டிரேட் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். அங்கே பலகையில் சுவிட்ச், ஹோல்டர் வைத்து வயரிங் செய்யச் சொன்னார்கள். “என்ன சார் இது?” என்றேன். “எல்லாருக்கும் உள்ள ஃபார்மாலிட்டிதான்.” சரி என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

விசா தாளில் என் தொழிலை அரபியில் அடித்திருந்தார்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் பல வருஷம் ரியாத்தில் இருந்தவர். காட்டியிருந்தால் எள்ளுருண்டை கட்டிக்கொண்டே சொல்லியிருப்பார். என்ஜினியர் என்றால் ‘முஹந்திஸ்’, எலக்ட்ரீஷியன் என்றால் ‘கஹ்ரபாயி’. எனக்கு அடித்திருந்தது இரண்டாவது.

ஜுபைலில் பேசிக் 1,500 ரியால், சாப்பாட்டுக்கு 300. அம்பத்தூரில் ஏசியில் உட்கார்ந்து டிராயிங் போட்டவன், அங்கே கேபிள் டிரேயில் ஏறி கிளாண்ட் முறுக்கினேன். அதே சைட்டில் முஹந்திஸ் இகாமா வைத்திருந்த ஒரு கேரளாக்காரருக்கு 6,000. அவருக்கும் எனக்கும் ஒரே டிகிரி. தொழிலை மாற்றித் தரச் சொன்னதற்கு, எலக்ட்ரீஷியன்தான் கேட்டோம், வந்ததும் எலக்ட்ரீஷியன்தான் என்றது கம்பெனி. அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். “4,500 ஓவர்டைம் சேர்த்துச் சொன்னது தம்பி.” ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மீதி 2,700 ரியாலைப் பிடிக்க மாதம் 250 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்க வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து, தினமும் இன்னொரு பத்து மணி நேரம்!

14 மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். புகார் கொடுக்கப் போனால் என் கையில் இருப்பது அந்த 35,400 ரசீதுதான். மீதிக்குச் சாட்சி அக்காவின் அடகுச் சீட்டு.

நேற்று அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். தம்மாமுக்கு எலக்ட்ரிக்கல் என்ஜினியர்கள் தேவை, 5,000 ரியால். கீழே சிவப்பு எழுத்தில், ‘டிகிரி அட்டெஸ்டேஷன் தேவையில்லை’.