காரைக்குடி மெஸ்: நண்டுக்கு முழு மார்க், சுவர் தனிக் கதை

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் போனோம். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம், இரண்டு நாளும் சைவம், வெள்ளைப் பணியாரமும் வெண்டைக்காய் மண்டியும் போட்டால் யார் குறை சொல்வது, ஆனாலும் மூன்றாம் நாள் மச்சானுக்கும் எனக்கும் நாக்கு நண்டைத் தேடியது. காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த மெஸ். பெயர் போடவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

பழைய வீட்டின் முகப்பில் ஆறு மேசை. ஆத்தங்குடிக் கல் தரை, உச்சி வெயிலிலும் காலுக்கு ஜில்லென்று இருக்கிறது. நண்டு தொண்டியிலிருந்து காலையில் வருகிறதாம். மசாலாவில் கல்பாசி வாசம் முன்னால் வருகிறது, காரம் பின்னால் வருகிறது, இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு செட்டிநாடு என்று போர்டு மாட்டும் சென்னைக்காரர்கள் இங்கே வந்து ஒரு வாரம் பாத்திரம் கழுவலாம். உப்புக்கறி சின்ன வெங்காயமும் வரமிளகாயுமாக, அளவாக. கோழிக் குழம்பு சுமார். ரசம் நல்ல ரசம். கடைசியில் ஒரு கரண்டி கவுனி அரிசி. அதை இரண்டாவது முறை கேட்டேன், முறைத்துக்கொண்டே போட்டார்கள்.

வருவதற்கு முன் வழக்கம்போல் ரிவ்யூ பார்த்திருந்தோம். நிறையப் பேர் நன்றாகவே எழுதியிருந்தார்கள், ஒற்றை ஸ்டார் மட்டும் இரண்டு. ஒன்று, "பிரியாணி கேவலம்". இங்கே பிரியாணியே கிடையாது. இன்னொன்று, "எறா பழசு, ராத்திரி முழுக்க வயித்தால போச்சு, ஆச்சிகிட்டச் சொன்னா காதுல வாங்கல". இதைப் படித்ததும் மச்சான் எறா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். எழுதியவர் யாரென்று தெரியாது, பில் இல்லை, படம் இல்லை, சம்பவம் நடந்து எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். அதையெல்லாம் மச்சான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எறா தொக்கு வாங்கவில்லை.

சரி, சுவர். கல்லாவுக்குப் பின்னால் இந்தக் கடைக்கு வந்த பிரபலங்கள் ஆச்சியின் வீட்டுக்காரரோடு நிற்கும் படங்கள், சட்டம் போட்டு வரிசையாக. நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி, சுற்றிலும் சுவர் மங்கியிருக்க அந்த இடம் மட்டும் வெள்ளையாக. படம் கீழே அரிசி மூட்டையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, முகம் சுவரைப் பார்த்தபடி. அது யார் என்று ஊருக்கே தெரியும் போல, மச்சானுக்கும் தெரிந்திருந்தது. சினிமாவில் பெரிய ஆள். பெயரும் சொல்லமாட்டேன், என்ன வேலை என்றும் சொல்லமாட்டேன், வழக்கு இன்னும் நடக்கிறது.

"ஏன் ஆச்சி கழட்டிட்டீக?" என்றார் மச்சான்.

"நாலு பொம்பளப் பிள்ளைக சொல்லுதுகளே தம்பி."

"சொன்னா ஆச்சா? கோர்ட்டு சொல்லட்டும். நடந்தப்ப விட்டுட்டு இத்தன வருசம் கழிச்சு எதுக்குச் சொல்லணும்?"

"நான் என்ன ஜெயிலுக்கா அனுப்பிட்டேன்? படத்தக் கழட்டி வச்சிருக்கேன். என் செவரு."

மச்சானுக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. எனக்கும் அந்த "என் செவரு" கவுனி அரிசியைவிட நெஞ்சில் நின்றுவிட்டது. கம்பன் மணிமண்டபம் இருக்கிற ஊரில் எதையும் பட்டிமன்றமாக்கிப் பழகிவிட்டோம், நம்பும் அணி, நம்பாத அணி, ஒன்பது மணிக்கு நடுவர் தீர்ப்பு. ஆச்சி எந்த அணியிலும் உட்காரவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பது ஒரு கேள்வி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு போடணுமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே தராசு கிடையாது.

கோர்ட்டு சொல்லட்டும் என்கிறோமே, கோர்ட்டு எதைச் சொல்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பி விஷயத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் எல்லாவற்றையும் மறுத்தார், ஒரு வழக்கில் 2018ல் குற்றவாளி என்று முடிவானது. 2021 ஜூனில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏன் என்றால், முன்பு இருந்த அரசு வழக்கறிஞர் வழக்குப் போடமாட்டேன் என்று சொன்னதை நம்பி அவர் இன்னொரு வழக்கில் வாக்குமூலம் கொடுத்திருந்தார், அந்த வாக்கை மீறியது தப்பு என்று. அந்தப் பெண் சொன்னது பொய் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை. நம்மூர் தீர்ப்புகளில் வரும் "சந்தேகத்தின் பலன்" என்ற சொல்லும் இப்படித்தான், குற்றம் சாட்டப்பட்டவரை விடச் சொல்கிறது, அவர் படத்தை மாட்டச் சொல்லவில்லை.

இத்தனை வருசம் கழித்து ஏன் என்பதற்கு டெல்லி வரை போகலாம். முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர், தன்மேல் பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரியில் ரமணியை விடுவித்த நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. குற்றச்சாட்டை மறுத்துவரும் அக்பர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் டெல்லி எதற்கு, செங்கல்பட்டு போதும். 2021ல் ஒரு சிறப்பு டிஜிபி மேல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய பெண் அதிகாரியின் காரைச் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் போலீஸே மறித்தது. அவரே ஒரு எஸ்.பி. அந்த வழக்கில் 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டிஜிபிக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. ஒரு எஸ்.பி.க்கு உடனே புகார் கொடுப்பது அவ்வளவு பாடு என்றால், இந்த மெஸ்ஸில் இலை எடுக்கிற அக்காவுக்கு? இங்கே மொத்தம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள், பத்துக்குக் குறைவு, அதனால் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி கடைக்குள் புகார்க் குழு தேவையில்லை, மாவட்டக் குழுவிடம்தான் போகணும், அதுவும் பொதுவாக மூன்று மாதத்துக்குள். இதை வெளியே வந்ததும் மச்சானிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாது. எனக்கே போன வருடம்தான் தெரியும்.

அதற்காக யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். பிரியாணி ரிவ்யூவை யாரும் நம்பவில்லையே. நாம் ரிவ்யூ படிக்கும்போது என்ன செய்கிறோம்? எப்போது, எங்கே, என்ன என்று விவரம் இருக்கிறதா பார்க்கிறோம், ஒருவரையொருவர் தெரியாத நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் உஷாராகிறோம், கடைக்காரர் பதில் சொன்ன விதத்தைப் பார்க்கிறோம், போட்டிக் கடைக்காரன் எழுதியிருப்பானோ என்றும் யோசிக்கிறோம். இதெல்லாம் தெரிந்த நமக்கு, பெரிய மனிதர் மேல் புகார் வந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது. என்னையே சொல்கிறேன், எனக்குப் பிடிக்காத ஒருவர் மேல் புகார் வந்தபோது காபி ஆறுவதற்குள் நம்பிவிட்டேன், பிடித்தவர் மேல் வந்தபோது ஆதாரம் எங்கே என்று கேட்டேன். ஒரே மாதம்தான் இடைவெளி. ஒன்று மட்டும் ரிவ்யூ மாதிரி இல்லை: பொய் ரிவ்யூவால் ஒரு கடைக்கு நாலு வாடிக்கையாளர் போகலாம், பொய்ப் புகாரால் ஒரு மனிதன் மொத்தமாகப் போய்விடலாம். அதனால்தான் ஆச்சி படத்தை உடைக்காமல் திருப்பி வைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது, மச்சானுக்கு இன்னும் படவில்லை.

பில் கொடுக்கும்போது எறா விஷயத்தையும் கேட்டுவிட்டேன். ஆச்சி முகம் மாறியது. "அது நெசந்தான் தம்பி. அன்னைக்குக் கரண்டு போயி ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. மோந்து பாத்தேன், பரவால்லன்னு போட்டுட்டேன். அந்தப் பையன் வந்து சொன்னப்ப கூட்டம், போப்பான்னுட்டேன்." மச்சான் என்னைப் பார்த்தார், எறா வேண்டாம் என்றது தான்தான் என்று. இலை எடுக்கிற அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "படத்த எடுக்கச் சொன்னது நாந்தாங்க. நான் நிக்கிற எடத்துக்கு நேரா இருந்துச்சு."

இனி போகிறவர்களுக்கு: ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் நண்டு இருக்காது. இரண்டு பேருக்கு எழுநூற்றைம்பது ரூபாய் ஆனது. ஜிபே உண்டு, சிக்னல் இல்லை, காசு கொண்டுபோங்கள். வண்டியைச் சந்துக்குள் விட்டால் திருப்ப முடியாது. வெள்ளிக்கிழமை லீவு. கோழிக் குழம்பு வேண்டாம். எறா இப்போது நன்றாக இருக்கிறது என்று ஆச்சி சொல்கிறார், நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை.