மாட்டு ஷெட் தரைக்கு ரெடிமிக்ஸா, மிஷின் கலவையா, அஜாக்ஸ் வண்டியா? நான் போட்ட கணக்கு

எங்க தோட்டம் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவுல இருக்கு. தை முடிஞ்சதும் மாட்டுக்கு புது ஷெட் போடலாம்னு வேலை ஆரம்பிச்சோம், 40 அடி நீளம் 25 அடி அகலம், ஆக 1000 சதுர அடி, தரை 5 இஞ்ச் கான்க்ரீட். போஸ்ட்டுக்கு அடித்தளம் போட்டு முடிச்சாச்சு, தரை மட்டும் பாக்கி, அங்கதான் பெரிய யோசனையே வந்துச்சு. ப்ளான்ட்டுலயே கலந்து வர்ற ரெடிமிக்ஸ லாரியில இறக்குறதா, வழக்கம்போல ஆளு வெச்சு மிக்ஸர் மிஷின்ல கலக்குறதா, இல்ல தானே பொருள அள்ளிக் கலக்கிக் கொட்டுற, இப்போ ஊருக்குள்ள சுத்துற அந்த அஜாக்ஸ் வண்டியக் கூப்பிடுறதா. மூணுக்கும் விலை கேட்டு, நோட்டுல எழுதி, நாலு நாள் அதே வேலையா இருந்தேன். அதத்தான் இங்க எழுதுறேன். விலையெல்லாம் எங்க பக்கம் எனக்குச் சொன்னது, உங்க ஊர்ல ஏறும் இறங்கும், ஆனா கணக்கு போடுற விதம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

முதல்ல அளவு. மேஸ்திரி பேசுறது யூனிட்டு, அதாவது 100 கன அடி. ரெடிமிக்ஸ் ப்ளான்ட்டுல பேசுறது கியூபிக் மீட்டர். ஒரு கியூபிக் மீட்டர்னா 35.3 கன அடி. 1000 சதுர அடிக்கு 5 இஞ்ச்னா 417 கன அடி வருது, கியூபிக் மீட்டர்ல 11.8. ரவுண்டா 12 கியூபிக்னு வெச்சுக்கங்க. எங்க பக்கம் வர்ற லாரி பெரும்பாலும் 6 கியூபிக் புடிக்கிறது, அதனால கரெக்டா ரெண்டு லோடு. கம்பி, அடியில விரிக்கிற பாலித்தீன் ஷீட்டு, ஜாயின்ட் வெட்டுற மிஷின், இதெல்லாம் மூணு வழிக்கும் ஒரே செலவுங்கிறதால சேர்க்கல.

மிஷின் கலவையில இருந்து வர்றேன். எம்20ங்கிறது கான்க்ரீட்டோட தரம், அதுக்கு விகிதம் 1க்கு ஒண்ணரைக்கு 3, சிமெண்ட், எம்சாண்ட் (கல்ல உடைச்சு எடுக்குற மணல்), ஜல்லி. இந்த விகிதத்துல ஒரு கியூபிக்குக்கு 8 மூட்டை சிமெண்ட், சுமார் 15 கன அடி எம்சாண்ட், 30 கன அடி ஜல்லி போகும். நம்ம 12 கியூபிக்குக்கு 96 மூட்டை, 1.8 யூனிட் மணல், 3.6 யூனிட் ஜல்லி. மூட்டை 330 வெச்சா 31,680. மணல் 2 யூனிட்டாத்தான் இறக்குவாங்க, 5,500 வீதம் 11,000. ஜல்லி 4 யூனிட், 4,500 வீதம் 18,000. பொருள் மட்டும் 60,680 ஆச்சு. கான்க்ரீட் செட்டு ஆளுங்க எங்க பக்கம் மூட்டைக் கணக்குலதான் வர்றாங்க, மிஷினு வைப்ரேட்டரு எல்லாம் அவங்களதே, மூட்டைக்கு 230ன்னு பேசுனாங்க, அது 22,080. டீ, வடை, மத்தியான சாப்பாடுன்னு ஒரு 2,000. மொத்தம் 84,760.

மூட்டைக் கணக்குல ஒரு நல்லது இருக்கு, சிமெண்ட்ட மிச்சம் புடிக்கணும்னு அந்த ஆளுங்களுக்கு எந்தக் காரணமும் இல்ல. மூட்டை கூடுனா அவங்களுக்குக் கூலி கூடுது. ஆனா தண்ணி விஷயத்துல நேர் எதிர். கலவை கஞ்சி மாதிரி ஓடுனா மம்பட்டி போட்டு இழுக்கிறது லேசு, அதனால மிஷின்காரர் கை தானா குடத்துக்குப் போயிரும். ஒரு மூட்டை மிஷின்ல 96 சுத்து சுத்தணும். முதல் 20 சுத்துக்கு சட்டி எண்ணிப் போடுவாங்க, வெயில் ஏறுன பொறகு யாரு எண்ணுறா? எம்சாண்ட் ஈரமா இருந்தா உப்பிக்கும் வேற, அதே சட்டியில சரக்கு கம்மியா போகும். தண்ணியும் நம்ம போர் தண்ணிதான். கான்க்ரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456ல கம்பி போட்ட கான்க்ரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு இருக்கு, கம்பி இல்லாததுக்கு 2000 வரைக்கும் விட்டிருக்காங்க. வாயில வெச்சா உப்புக் கரிக்குற போர் தண்ணிய டெஸ்ட் பண்ணாம கம்பி போட்ட தரைக்கு ஊத்தாதீங்க.

இப்போ ரெடிமிக்ஸ். எனக்கு எம்20க்கு கியூபிக் 4,700ன்னு சொன்னாங்க. கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா மிஷின் கலவை கியூபிக்குக்கு 7,000 தாண்டுது. ஆனா 4,700க்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, ஆக 5,546. விவசாயிக்கு இன்புட் கிரெடிட்டுன்னு ஒண்ணும் கிடையாது, கட்டுன வரி கட்டுனதுதான். இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து சிமெண்ட் வரி 28ல இருந்து 18க்கு வந்திருச்சு, ரெடிமிக்ஸுக்கு முன்னாடியும் 18, இப்பவும் 18. ஆளுக்கூலிக்கு நம்ம பக்கம் யாரும் பில் போடுறதில்ல, ஜல்லி மணலுக்கு 5 பர்சன்ட்தான். அதனால பழைய கணக்க வெச்சு ரெடிமிக்ஸ்தான் லாபம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மறுபடி போட்டுப் பாருங்க.

12 கியூபிக் 66,552. கலவை வந்து இறங்குனா போதுமா, பரப்பணும், தட்டணும், தேய்க்கணும். கொத்தனார் 2 பேரு, ஆளு 6 பேரு, வைப்ரேட்டர் வாடகை எல்லாம் சேத்து 8,000. ஆச்சு 74,552. இங்கயே நிறுத்துனா மிஷின் கலவைய விட 10,000 கம்மி. கலவைய குழாய் வழியா தள்ளுற பம்ப்பு வேணும்னு சொன்னீங்கன்னா கதை மாறிப்போகும். 12 கியூபிக்குக்கெல்லாம் பம்ப்பு தனியா வர்றதுன்னா மினிமம் சார்ஜுதான், எனக்கு 15,000 ப்ளஸ் ஜிஎஸ்டின்னாங்க, 17,700. அப்போ மொத்தம் 92,252, மூணுலயும் அதிகம் அதுதான்.

பம்ப்பு இல்லாம எப்படின்னு நின்னு யோசிச்சேன். லாரி பின்னாடி இருக்குற சரிவுத் தகடு 10, 12 அடி வரைக்கும் கொட்டும். ஷெட்டு அகலம் 25 அடி. ஒரு லோடு கிழக்குப் பக்கம் நின்னு, இன்னொரு லோடு மேக்குப் பக்கம் நின்னு கொட்டுனா நடுவுல மிஞ்சுற ஒரு அடியில இருந்து அஞ்சு அடி வரைக்கும் மம்பட்டியில இழுத்துக்கலாம். சைடு செவுரு எழுப்புறதுக்கு முன்னாடி பண்ணுனாத்தான் இது நடக்கும், செவுரு வெச்சுட்டா பம்ப்புக்காரர் காலத்தான் புடிக்கணும். 30 அடிக்கு மேல அகலம்னா இந்த வழி ஓடாது.

ஆனா லாரி உள்ள வரணுமே. 6 கியூபிக்னா கலவை மட்டும் 14 டன்னுக்கு மேல, வண்டியோட சேத்தா 25 டன்னத் தாண்டும். அப்பா முதல் நாளே சொன்னாரு, "லாரிய உள்ள விட்டீன்னா பைப்பு உடையும்டா"ன்னு. கெணத்துல இருந்து தோப்புக்குப் போற பிவிசி மெயின் லைனு அந்தத் தடத்துக்குக் குறுக்காலதான் போகுது, ரெண்டு அடி ஆழந்தான். அவரு சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். அந்த இடத்துல தோண்டி பழைய சிமெண்ட் குழாய் ஒண்ண மேல மாட்டி மூடுனோம், தடத்த ஜேசிபி வெச்சு ரெண்டு மணி நேரம் நெரவுனோம், ரெண்டும் சேத்து 5,900. தாழ்வா தொங்குற கரண்ட் ஒயரு இருந்தா அதையும் முன்னாடியே பாத்துருங்க. ஆக ரெடிமிக்ஸ் உண்மைக் கணக்கு 80,452.

அஜாக்ஸ்னு எல்லாரும் சொல்றது செல்ஃப் லோடிங் மிக்ஸர், பெங்களூர் கம்பெனி பேரே வண்டிக்குப் பேரா ஆயிருச்சு. முன்னாடி இருக்குற பக்கெட்டுல ஜல்லி மணல தானே அள்ளி, தண்ணிய தானே எடுத்து, டிரம்முல கலக்கி, ஷெட்டுக்கே ஓட்டிட்டு வந்து கொட்டிரும். எங்க பக்கம் வர்றது ஒரு தடவைக்கு 2 கியூபிக், 6 நடை. பொருள் நம்மளது, அதே 60,680. வண்டிக்கு நாள் வாடகை 14,000, பரப்ப ஆளு 8,000. மொத்தம் 82,680. நாலு சக்கரமும் இழுக்கும், ரெடிமிக்ஸ் லாரி மாதிரி அகலத் தடம் வேண்டாம், சின்ன வாய்க்கால் பாலமா இருந்தாலும் சமாளிக்கும். எடை பாக்குற செட்டப்பு இருக்குற வண்டியா கேட்டு வாங்குங்க, அது இல்லாட்டி பக்கெட் கணக்குதான், சட்டிக் கணக்குக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

பாத்தீங்களா, 80, 83, 85. மூணும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்குது. நாலு நாள் விலை கேட்டு அலைஞ்சதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சது, பணம் போறது கியூபிக் ரேட்டுல இல்ல, தரைக்கு அடியில.

ஒரு இஞ்ச்சு கணக்கப் பாருங்க. 1000 சதுர அடியில அடி மண்ணு ஒரு இஞ்ச் பள்ளமா இருந்தா 83 கன அடி, 2.36 கியூபிக், ரெடிமிக்ஸ் விலையில 13,000 ரூபா. கண்ணுக்குத் தெரியாத ஒரு இஞ்ச்சுக்கு. வாட்டம் இன்னும் மோசம். மாட்டு ஷெட்டுக்கு மூத்திரம் கழுவுத்தண்ணி ஓடணும்னு 60க்கு 1 வாட்டம் குடுக்குறது, 25 அடிக்கு 5 இஞ்ச். இந்த வாட்டத்த மண்ணுலயே எடுக்காம, மேஸ்திரி "கான்க்ரீட்ல பாத்துக்கலாங்கண்ணா"ன்னு சொன்னா சரின்னு தலையாட்டிராதீங்க. சராசரியா ரெண்டரை இஞ்ச் கூடுது, 5.9 கியூபிக். ஒரு முழு லாரி! 32,000க்கு மேல மண்ணுக்குள்ள போச்சு. கிராவலும் ரோலரும் அதுல கால்வாசிக்குள்ள முடிஞ்சிரும்.

இத நான் பட்டுத்தான் சொல்றேன். 6 வருஷத்துக்கு முன்னாடி தேங்கா போடுற கொட்டகைக்கு ரெடிமிக்ஸ் இறக்குனோம். லெவல் கண்ணுல பாத்ததுதான், நூல் கட்டல. ரெண்டாவது லோடு தீந்துச்சு, தெக்கு ஓரத்துல 8 அடிக்குப் பட்டையா வெறும் மண்ணு. ப்ளான்ட்டுக்குப் போன் பண்ணா ஒரு கியூபிக்குக்கு வண்டி வராது, 3 கியூபிக் காசு குடுத்தா அனுப்புறோம்னாங்க, அதுவும் மறுநாள். ஒரு பக்கம் போட்டது இறுகிட்டே வருது. கடைக்கு ஓடி 8 மூட்டை வாங்கி, செல்போன் லைட்டுல ராத்திரி 9 மணி வரைக்கும் மம்பட்டியில கலந்து போட்டோம். இன்னைக்கும் அந்தப் பட்டையில வெளக்கமாறு போட்டா சாம்பல் மாதிரி தூசு கிளம்புது, காலால தேச்சா மணலு உதிருது. பக்கத்துல லாரி கான்க்ரீட்டு கல்லு மாதிரி நிக்குது. எனக்கு அதப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்.

அதனால இந்தத் தடவை ஷெட்ட 10 அடி கட்டமா பிரிச்சு, நூல் கட்டி, நூலுக்கும் மண்ணுக்கும் நடுவுல டேப்பு புடிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் அளந்து எழுதுனேன். 4 இடத்துல 6 இஞ்ச்சுக்கு மேல இருந்துச்சு, கிராவல் போட்டு தட்டுன பொறகுதான் போன் எடுத்தேன்.

ரெடிமிக்ஸ்தான் இறக்குனோம். லாரி வந்ததும் சலானுல லோடு ஆன நேரத்தப் பாருங்க, ரெடிமிக்ஸுக்கான தர விதி ஐஎஸ் 4926படி லோடு ஆன 2 மணி நேரத்துக்குள்ள கொட்டி முடிக்கணும், இறுகுறதத் தள்ளிப்போடுற மருந்து சேத்து நேரத்த நீட்டியிருந்தா அத முன்னாடியே சொல்லியிருக்கணும். அளவுல சந்தேகம்னா வழியில எடை மேடையில ஏத்தி எறக்கச் சொல்லுங்க, 6 கியூபிக்குக்கு 14 டன்னுக்குக் குறையக்கூடாது. டிரைவரு நல்ல மனசோட "தண்ணி கொஞ்சம் விடட்டுமாங்ண்ணா"ன்னு கேப்பாரு, நம்ம ஆளுங்களும் ஆமாம்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க, எம்20க்கு காசு குடுத்துட்டு தண்ணி விட்டு அதக் கெடுக்குறதுக்கு நாமளே எதுக்கு. ரெடிமிக்ஸ்ல பெரும்பாலும் அனல் மின் நிலையச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்துதான் வரும், அது தப்பில்ல, ஆனா தண்ணி கட்டுறது 10 நாளுக்குக் குறையாம கட்டணும், வெயில் காலத்துல 14 நாள். நாங்க மண்ணுல பாத்தி கட்டி நிறுத்துனோம்.

ரெண்டு லோடு 3 மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. கடைசியில மிஞ்சுனது ரெண்டு தள்ளுவண்டி கலவை, தண்ணித் தொட்டிக்கு அடியில போட்டுட்டோம். மச்சான் தோட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாலம் 8 அடிதான், கரிசல் மண்ணு வேற. அவருக்கு அஜாக்ஸ்தான் சொல்லியிருக்கேன், நூல் கட்டி அளந்து முடிக்கட்டும், அப்புறம் ஜல்லி மணலு இறக்குறதுக்கு ஷெட்டு பக்கத்துலயே ஒரு மேடான இடம் பாத்து வைங்கன்னு சொன்னேன்.