ஒரே ஆய்வேடா, நான்கு கட்டுரையா?

அக்கா மகளுக்குச் சிங்கப்பூரிலேயே இரண்டு துறைகளில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. இருமொழிக் குழந்தைகள் வாசிக்கக் கற்பதைப் பற்றிய ஆய்வு. உதவித்தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு துறை ஆய்வேட்டை ஒரே புத்தகமாக எழுதச் சொல்கிறது. இன்னொன்றில் மூன்று நான்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை எழுதி, முன்னால் ஒரு அறிமுகம், பின்னால் ஒரு முடிவுரை வைத்துக் கட்டிக் கொடுக்கலாம். "எது மாமா சுலபம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பேராசிரியர்கள் யாரும் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

முதலில் புத்தகம். ஒரே கேள்வியை நாலு வருஷம் தலையில் சுமக்க வேண்டும். ஐந்தாம் இயலில் கிடைத்த ஒரு தரவு, முதல் இயலில் எழுதியதைப் பொய்யாக்கும். திரும்பிப் போய் மாற்றி எழுதலாம். அந்தத் திரும்பிப் போகிற சுதந்திரம்தான் இந்த வழியின் பெரிய வரம். கட்டுரை அச்சாகிவிட்டால் அது கிடையாது.

இதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தவிர வேறு யாரும் படிக்காமலே மூன்று வருஷம் ஓடிவிடும். என் கதை அதுதான். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட்டுவிடுவோம். முழு வரைவையும் கடைசி வருஷத்தில்தான் என் நெறியாளர் ஒரே மூச்சில் படித்தார். அதுவரை இயல் இயலாக, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு. ஆய்வேட்டை மதிப்பிட வெளியிலிருந்து அமர்த்திய புறத்தேர்வாளர் எழுதிய முதல் வரி: இரண்டாம் இயலில் கேட்ட கேள்விக்கு ஐந்தாம் இயல் பதில் சொல்லவில்லை. உண்மைதான். கேள்வி நடுவழியில் மாறிவிட்டது, எனக்கே தெரியவில்லை. திருத்தி முடிக்க எட்டு மாதம். இரண்டாம் வருஷத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு மத்தியான வேலை.

கட்டுரை வழியில் இந்த ஆபத்து குறைவு. வெளியாள் சீக்கிரமே படித்துவிடுகிறார். முதல் கட்டுரையை இரண்டாம் வருஷம் ஓர் இதழுக்கு அனுப்பினால், அந்த இதழ் மதிப்பாய்வுக்கு அமர்த்தும் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். வலிக்கும், ஆனால் காலத்தில் வலிக்கும். பட்டம் முடிக்கும்போது கையில் வெளியான கட்டுரைகள் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதன் மதிப்பு தெரியும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இயற்கை அறிவியல், மருத்துவத் துறைகளில் இதுதான் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த வெளியாள் உங்களுக்காகப் படிப்பதில்லை, இதழுக்காகப் படிக்கிறார். மாணவி வளர்கிறாளா என்பது அவர் கவலை இல்லை. பதில் வர நாலு மாதமும் ஆகலாம், பத்து மாதமும் ஆகலாம். உதவித்தொகைக் கடிகாரம் அதற்காக நிற்காது. அப்புறம் கூட்டாசிரியர் தகராறு. நாலு பேர் பெயர் போட்ட கட்டுரையில் மாணவியின் பங்கு எவ்வளவு? எழுத்தில் ஒரு ஒப்புதல் கேட்பார்கள், கொடுப்பார்கள், உண்மை அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தேர்வாளருக்கும் சங்கடம். ஏற்கெனவே அச்சான கட்டுரையில் பிழை இருந்தால் அவர் என்ன திருத்தச் சொல்வார்? அறிமுகத்தில் ஒரு பத்தி சேருங்கள் என்பார், அவ்வளவுதான்.

இதில் இந்திய அனுபவமும் ஒரு பாடம். அங்கே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதிகள், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் மதிப்பாய்வு இதழில் குறைந்தது ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் வேண்டும் என்றன. ஆய்வாளர்களுக்குக் கட்டுரை கட்டாயம் என்று ஆனதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். வெளியாள் ஒருவர் படிப்பதற்காகக் கொண்டுவந்த விதி, யாருமே படிக்காத கட்டுரைகளைப் பெருக்கியது.

சரி, தேர்வாளர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? இதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மல்லின்ஸ், கைலி என்ற இருவர் அனுபவமுள்ள 30 தேர்வாளர்களைப் பேட்டி கண்டு 2002இல் எழுதினார்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் இயல் முடியும்போதே ஆய்வேட்டின் தரத்தைப் பற்றி அவர்களுக்கு ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. எழுத்துப் பிழையும் மேற்கோள் குளறுபடியும் அவர்களைச் சந்தேகப்பட வைக்கின்றன. இதிலேயே கவனம் இல்லையென்றால் தரவில் எப்படி இருந்திருப்பார் என்று. அதே சமயம் யாரையும் தோற்கடிக்க அவர்களுக்கு மனமில்லை. பிஎச்டிதானே, நோபெல் பரிசு இல்லையே என்பது அவர்களில் ஒருவர் சொன்னது. என் தேர்வுக்கு முந்தின இரவு இது தெரிந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அமெரிக்காவில் பார்பரா லோவிட்ஸ் 9 பல்கலைக்கழகங்களில் 276 பேராசிரியர்களிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். நல்ல ஆய்வேடு எது என்று கேட்டால், பார்த்தால் தெரியும் என்கிற ரீதியில்தான் பலரும் ஆரம்பித்தார்கள். அளவுகோல் அவர்கள் மனத்தில் இருந்தது, மாணவரிடம் யாரும் சொன்னதில்லை. அதைத்தான் லோவிட்ஸ் வெளியே எடுத்து, மிகச் சிறந்தது முதல் ஏற்கமுடியாதது வரை துறைவாரியாக எழுதிக் காட்டினார். புத்தகமோ கட்டுரையோ, அளவுகோலை முதல் வருஷமே மாணவி கையில் கொடுக்கிற துறை பாதி வேலையை முடித்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில்தான் நாட்டுக்கு நாடு வேடிக்கை. பிரிட்டனில் மூடிய அறை, பெரும்பாலும் இரண்டே தேர்வாளர்கள். நெறியாளர் உட்கார்ந்திருந்தாலும் தேர்வாளராக முடியாது. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் வாய்மொழித் தேர்வே பெரும்பாலும் கிடையாது, புறத்தேர்வாளரின் எழுத்தறிக்கைதான். அண்மையில்தான் பல இடங்களில் வந்திருக்கிறது. நெதர்லாந்தின் லைடனில் எல்லார் முன்னிலையிலும் 45 நிமிடம். கோலேந்தி வரும் அலுவலர் லத்தீனில் 'நேரமாயிற்று' என்று அறிவித்ததும் பாதி வாக்கியத்தில்கூட நிறுத்திவிடலாம். தமிழ்நாட்டில் அழைப்பிதழ் அடித்து, பொன்னாடை போர்த்தி, சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. குடும்பமே வந்து உட்கார்ந்து அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான். செயற்கை நுண்ணறிவு பக்கம் பக்கமாக எழுதித் தரும் இந்தக் காலத்தில், எதிரே உட்காரவைத்து "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன்பைவிட மதிப்புக் கூடியிருக்கிறது.

ஆனால் அக்கா மகளின் விஷயத்தில் முடிவை மாற்றக்கூடியது இவை எதுவும் இல்லை. மாணவர் ஆய்வைத் தொடரலாமா என்று நடுவழியில் பார்க்கிற, கியூஇ என்று இங்கே எல்லாரும் சொல்லும் தகுதித் தேர்வுதான். ஆக்ஸ்ஃபோர்டு 1917இல் பிரிட்டனுக்குள் கொண்டுவந்த முனைவர் பட்டம் ஆய்வையும் புறத்தேர்வாளரையும் நம்பியது. யேல் பல்கலைக்கழகம் 1861லேயே பட்டம் கொடுத்த அமெரிக்காவிலோ பாடங்களும் நடுவில் ஒரு தகுதித் தேர்வும் சேர்ந்துகொண்டன. சிங்கப்பூர் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறது. முதலில் பாடங்கள், பொதுவாக இரண்டு வருஷத்துக்குள் கியூஇ, அப்புறம் ஆய்வேடு. வெளிநாட்டு மாணவர்களுக்கான சிங்கா உதவித்தொகையில் இதைத் தேறினால்தான் மாதத் தொகையே கூடும். அதனால் பலரும் இதைச் சம்பள உயர்வுச் சடங்காகவே நினைக்கிறார்கள்.

அப்படி நினைப்பது வீண். கேள்வி தடம் மாறுவதை நெறியாளர் அல்லாதவர்கள் பார்த்துச் சொல்ல, மாணவருக்கு முகம் தெரிந்தபடி கிடைக்கிற முதல் வாய்ப்பு இதுதான். இதழ் மதிப்பாய்வாளரைப் போல இவர்கள் ஒளிந்துகொண்டு பேசுவதில்லை. மறுநாள் தாழ்வாரத்தில் பார்த்து "அப்படிச் சொன்னீர்களே, என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம். எனக்கு இது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சம்.

ஆக, கியூஇ ஒழுங்காக நடக்கிற துறையாக இருந்தால் நான் புத்தகத்துக்கே ஓட்டுப் போடுவேன். அவள் கேள்வி நாலு துண்டாக உடைகிற கேள்வி இல்லை; வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் ஒரே குழந்தைக்குள் எப்படி மோதுகின்றன என்பது. அதை நாலு இதழுக்கு நறுக்கினால், ஒவ்வொரு கட்டுரையிலும் சிங்கப்பூரின் மொழிக் கொள்கையை முதலிலிருந்து விளக்கியே பக்கம் தீர்ந்துவிடும். கியூஇ வெறும் சம்பிரதாயமாக இருந்தால் கட்டுரை வழிதான் மேல். பெயர் தெரியாதவராக இருந்தாலும் காலத்தில் ஒருவராவது படிப்பார். ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்கிறவளாக இருந்தால் இவ்வளவு யோசித்தே இருக்க மாட்டேன், கட்டுரை என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு துறைகளின் மூத்த மாணவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: "கியூஇக்குப் பிறகு உங்கள் ஆய்வில் என்ன மாறியது?" புத்தகத் துறையில் படிக்கும் பெண் அரைமணி நேரம் பேசினாளாம், கொஞ்சம் கோபத்தோடு. கட்டுரைத் துறைப் பையன் யோசித்துவிட்டு, தேதி மட்டும் ஒருமுறை தள்ளிப்போனது என்றானாம்.