அஃப்ரெய்டா, ஃப்ரைட்டண்டா?

பயத்தைக் குறிக்கும் ‘அஃப்ரெய்ட்’, ‘ஃப்ரைட்டண்ட்’ ஆகிய ஆங்கிலப் பெயரடைகள் பாளையங்கோட்டை மாணவருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால், 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதைக் கண்டு மிரண்ட சிறுவனை ‘ஃப்ரைட்டண்ட் பாய்’ எனலாமே தவிர, ‘அஃப்ரெய்ட் பாய்’ எனல் பிழை. ஏனெனில் அஃப்ரெய்ட் பெயர்ச்சொல்லுக்கு முன்னே நில்லாது, ‘தி பாய் இஸ் அஃப்ரெய்ட்’ என வினைக்குப் பின்னரே வரும். திடீர் அதிர்ச்சிக்குப் பெரும்பாலும் ஃப்ரைட்டண்ட் பொருந்தும். ஆற்றுச் சுழலுக்கு எப்போதும் அஞ்சுபவருக்கு ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ இயல்பு. ‘அஃப்ரெய்ட் ஃபார்’ என்பதோ பிறருக்காகப் பதைப்பது. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று வங்கி அலுவலர் பேச்சைத் தொடங்கினால் அவர் நடுங்குகிறார் என்று பொருளல்ல (கடன் கேட்டவர்தான் நடுங்க வேண்டும்). வருத்தத்துடன் பணிவாக மறுக்கிறார். இந்தப் பணியை ஃப்ரைட்டண்ட் செய்யாது. ஆதலால் அஃப்ரெய்டையே முதலில் பழகுவது நலம் என்பேன்.